வாசலில் நின்ற இத்தாலி வண்டி

ஏஞ்சலின் எந்த வீட்டுக்குப் போனாலும், அந்த வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்பது தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அவள் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. வாசலில் நிற்கும் அவளுடைய மோட்டார் சைக்கிளே சொல்லிவிடும்.

அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் என்று எழுந்து நடமாட முடியாதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பாள். நாகல் நகரில் வீடு. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் டவுனில் நான்கு வீடு, மதியத்துக்கு மேல் கிராமங்களில் மூன்று வீடு. எல்லா இடத்துக்கும் அந்த ஒரு வண்டிதான்.

கனடாவுக்குக் குடிபோன ஓர் இன்ஜினியர் வீட்டில் ஸ்கூட்டர் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கத்தான் போனாள். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் இது நின்றது. இத்தாலிக் கம்பெனி வண்டி. பார்ப்பதற்கு அறுபது வருடத்துக்கு முந்தைய வண்டி போல இருக்கும். உருண்டை ஹெட்லைட், கம்பி போட்ட சக்கரம், பாட்டில் பச்சை டேங்க், நீளமாக மின்னும் சைலன்சர். உள்ளே எல்லாம் இந்தக் காலத்துச் சாமான். சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அன்று மாலை ஸ்கூட்டரை விட்டுவிட்டு இதை ஓட்டிக்கொண்டு வந்தாள். கணவர் ஸ்டீபன்ராஜ் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, "பின் சீட்டு எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வருடமாகியும் அவர் அதில் ஏறவில்லை.

அழகைப் பார்த்து வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டுவது வேறு கதை. இருநூறு கிலோ கனம். நாகல் நகர் சந்துக்குள் முன்பக்கமாகப் போய்விட்டால், பின்னால் இழுக்க ஆள் கூப்பிட வேண்டும். வெயில் காலத்தில் வலது கெண்டைக்கால் வெந்துபோகும். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர், "எம்புட்டு தருது?" என்பார். அவள் மைலேஜைச் சொன்னதும், "அம்புட்டுதானா!" என்று முகம் சுண்டிப்போகும். பிரேக் கட்டை தேய்ந்தபோது புதுசு கோயம்புத்தூரிலிருந்து வர பத்தொன்பது நாள் ஆனது.

பேகம்பூரில் பட்டறை வைத்திருக்கும் சேக் பரீது முதலில் வண்டியைத் தொடவே மாட்டேன் என்றார். "மேடம், தெரியாத வண்டியில கைய வச்சுட்டு அப்புறம் நான் முழிக்கவா?" என்றார். அவள் நாலாவது தடவை போய் நின்றபோது, மனம் கேட்காமல் ஸ்பானரை எடுத்தார். இப்போது எந்த நம்ம ஊர் வண்டியின் எந்தச் சாமான் இதற்குப் பொருந்தும் என்பது அவருக்கு மனப்பாடம்.

இவ்வளவு தொல்லைக்கும் அவள் வண்டியை விடாததற்குக் காரணம் நத்தம் ரோடு. டவுன் நெரிசல் தாண்டி, இரண்டு பக்கமும் மாந்தோப்பு தொடங்கியதும், வண்டி ஒரே தாளத்தில் தடதடத்துப் போகும். நான்கு வீட்டு வலியையும் முனகலையும் கேட்ட மண்டைக்கு, அந்த இருபத்தைந்து நிமிடம் தேவையாக இருந்தது.

அந்த ரோட்டில், சாணார்பட்டியில்தான் சூசைமாணிக்கம் வீடு. போர்வெல் லாரி வைத்து ஓட்டியவர். சுற்றுவட்டாரத்தில் அவர் துளை போடாத தோட்டம் குறைவு. ஓடுகிற எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பழகிய குரல். அறுபத்தோராவது வயதில், ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பிவிட்டார்கள். இனி நடக்க வைப்பது ஏஞ்சலின் பொறுப்பு.

முதல் நாளே அவருடைய மனைவி ஆனந்தமேரி அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீக. நாளையிலருந்து இந்த வண்டிய இங்க நிறுத்தாதீக."

"ஏம்மா?"

"எங்க இசைவாணிக்கு ஒட்டன்சத்திரத்துல மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கோம். ஒத்தப் பிள்ளை. இந்த நேரத்துல அவரு இப்படிக் கெடக்காருன்னு தெரிஞ்சா என்ன நெனைப்பாக? வேளாங்கண்ணிக்குப் போயிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். பேச்சு முடியட்டும்."

ஏஞ்சலின் மறுக்கவில்லை. நோயாளி வீட்டு ரகசியத்தைக் காப்பது அவள் தொழிலில் பாதி. மறுநாளிலிருந்து ஊருக்கு முன்னாலிருந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியை விட்டுவிட்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தாள்.

ஆனால் நாள் போகப் போக அவளுக்கு நெருடியது. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம் பொன்னானது. அந்த மாதங்களில் எவ்வளவு நடக்கிறாரோ அவ்வளவு கால் திரும்பும். சூசைமாணிக்கமோ பின்னறையில் ஒன்பதடிக்குள் நடந்துகொண்டிருந்தார். ஹாலுக்கு வந்தால் ஜன்னல், முற்றத்துக்குப் போனால் பக்கத்து வீடு. வெளியே போகலாம் என்று அவள் சொன்னால் மனைவி மட்டுமல்ல, அவரும் தலையை ஆட்டினார்.

"காலை இழுத்துக்கிட்டுப் போறத ஊரு பாக்கணுமாக்கும்?" என்றார் குழறலாக.

இசைவாணி ஒருநாள் பங்க் வரைக்கும் அவளுடன் நடந்து வந்தாள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். "அந்தப் பையன் போன்ல அப்பா வந்துட்டாரான்னு மூணு தடவை கேட்டுட்டாரு மேடம். மூணு தடவையும் பொய் சொன்னேன். ஆரம்பமே இப்படி இருக்கு" என்றாள்.

ஐந்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. பங்க்கில் டேங்கர் லாரி நின்றதால் வண்டியை நிறுத்த இடமில்லை. வீட்டுக்கு அப்பால் இருந்த ஊர் நூலகத்துப் பக்கம் நிறுத்தலாம் என்று ஊருக்குள் போனாள். சூசைமாணிக்கம் வீட்டுக்கு நேர் எதிரே வேகத்தடை. வேகத்தைக் குறைத்துக் கிளட்சைப் பிடித்தாள். டக்கென்று ஒரு சத்தம். லீவர் தொளதொளவென்று கையோடு வந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. கிளட்ச் கேபிள் அறுந்திருந்தது.

முன்னும் பின்னும் அசைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, நடுரோட்டிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினாள். சரிவு அந்த வீட்டு வாசலை நோக்கித்தான் இருந்தது. வண்டி அங்கே போய்தான் நின்றது. சேக் பரீதுக்குப் போன் போட்டாள். "கேபிள் எடுத்துக்கிட்டு வாரேன் மேடம். ஒரு மணி நேரம் ஆகும்" என்றார்.

ஆனந்தமேரி வாசலுக்கு ஓடி வந்தாள். வண்டியைப் பார்த்த பதற்றத்தோடு வேறொரு பதற்றமும் அவள் முகத்தில் இருந்தது.

"மாப்பிள்ளை வீட்டுல இப்பத்தான் போன் பண்ணாக! நத்தத்துல ஒரு வீட்டுக்கு வந்தாகளாம். போற வழியில அரைமணி நேரத்துல எட்டிப் பாத்துட்டுப் போறோம்ங்குறாக. இத உள்ள தள்ளுங்க, தாயே!"

வாசலில் மூன்று படி. இருநூறு கிலோ வண்டி. இருவரும், பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்த இசைவாணியும் சேர்ந்து முக்கிப் பார்த்தும் முன்சக்கரம் முதல் படியைத் தாண்டவில்லை. கடைசியில் ஆனந்தமேரி நெல் காயப்போடும் தார்ப்பாயை எடுத்து வந்து வண்டி மேல் போர்த்தினாள். ஏஞ்சலினைப் பின்னறைக்குள் தள்ளி, "செத்த நேரம் இங்கேயே இருங்க, சத்தம் காட்டாதீக" என்று கதவைச் சாத்தினாள்.

உள்ளே கட்டிலில் சூசைமாணிக்கம். எதிரே ஸ்டூலில் ஏஞ்சலின். பத்து வருடத் தொழிலில் இப்படி ஒளிந்து உட்கார்ந்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் வந்து நின்றது. பேச்சுக் குரல்கள். மாப்பிள்ளை ஆண்டனிராஜ், அவன் அம்மா, நாகல் நகரில் இருக்கும் அவன் அத்தை செபாஸ்தியம்மாள், கூட இரண்டு பையன்கள். யாரும் உள்ளே வந்தபாடில்லை. வாசலிலேயே பேச்சு நின்றது.

"இது அந்தப் பிசியோ மேடம் வண்டியில்ல?" அத்தையின் குரல். தார்ப்பாய்க்குக் கீழே சக்கரமும் சைலன்சரும் தெரிந்திருக்க வேண்டும். "எங்க தெருவுலதான் இருக்கு அந்தப் பிள்ளை. இங்க யாருக்கு முடியல?"

"அது... வழியில ரிப்பேராகி விட்டுட்டுப் போயிருக்காக" என்றாள் ஆனந்தமேரி.

"அப்படிங்களா? என்ன ஆச்சுங்க?" இது ஆண்டனிராஜ். தார்ப்பாயை விலக்கும் சத்தம் கேட்டது. "ஆகா, எத்தனை நாளா இந்த வண்டிய நேர்ல பாக்கோணும்னு இருந்தனுங்க. கிளட்ச் கேபிள் போயிருக்குதுங்க. சாவியும் இதுலயே இருக்குது. கியர்ல போட்டுத் தள்ளினா ஸ்டார்ட் ஆயிரும். மெக்கானிக் கடை வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டுர்றேன். டேய், பின்னால புடிங்கடா."

பையன்கள் தள்ளினார்கள். பின்சக்கரம் சுற்றாமல் சரளையில் பறபறவென்று தேய்ந்தது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி அதே சத்தம்.

சூசைமாணிக்கம் நிமிர்ந்தார். மூன்றாவது தடவை அந்தச் சத்தம் கேட்டபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏலே! கியர்ல போட்டுத் தள்ளாதீகடா! கியர் பெட்டி போயிரும்!"

குரல் குழறினாலும், போர்வெல் எஞ்சினுக்கு மேல் கேட்ட குரல் அது. வாசலில் தள்ளுவது நின்றது.

அவர் கட்டில் சட்டத்தை வலது கையால் பிடித்து எழுந்தார். ஏஞ்சலின் வழக்கம்போல அவருடைய இடது பக்கம் போய் நின்றாள். தாங்கலாமா என்று கையை நீட்டினாள். "விடு தாயி" என்றார். கதவைத் திறந்தார். ஹாலைக் கடந்தார். இடது கால் தரையை உரசிக்கொண்டு வந்தது. அவள் அடிகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டே கூட நடந்தாள். வாசல் நிலையைப் பிடித்தபோது முப்பத்தொன்று. அதுவரை அவர் ஒரே மூச்சில் அவ்வளவு நடந்ததில்லை.

"நியூட்ரல்ல வச்சு ஸ்டார்ட் பண்ணு. ரெண்டு பேரு ஓடித் தள்ளுங்க. ஓட்டம் வந்ததும் பர்ஸ்ட் கியரைத் தட்டு. நடுவுல எங்கயும் நிப்பாட்டிராத" என்றார் ஆண்டனிராஜைப் பார்த்து.

ஆண்டனிராஜ் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றான். செபாஸ்தியம்மாள்தான் பேசினாள். "வேளாங்கண்ணியிலருந்து எப்ப வந்தீக?"

ஆனந்தமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மனைவியை ஒருதரம் பார்த்தார்.

"நான் எங்கயும் போகலத்தா. வாதம் அடிச்சு அஞ்சு வாரமா பின் ரூமுல கெடக்கேன். இவ பயந்துக்கிட்டுச் சொன்னா. நானும் வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

மாப்பிள்ளையின் அம்மா காபி மட்டும் குடித்தாள். கல்யாணப் பேச்சை எடுக்காமலே கிளம்பினார்கள். ஆண்டனிராஜ் கார்க் கதவைத் திறந்துவிட்டு, ஏஞ்சலினிடம் திரும்பி வந்தான்.

"மேடம், மாமா நல்லா நடந்துருவாருங்களா?"

"அவருகிட்டயே கேளுங்க தம்பி. அவரைப் பத்தி அவருதான் சொல்லணும்" என்றாள் அவள்.

அவன் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டான். சேக் பரீது வந்து, வேறொரு வண்டியின் கேபிளை வெட்டி ஈயம் வைத்து மாட்டிக் கொடுத்தார். வழி முழுக்க ஏஞ்சலினுக்கு மனசு சரியில்லை. தன் வண்டியால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றது என்று நாளை ஊர் பேசும். வீட்டுக்கு வந்ததும், "இதக் குடுத்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிரலாமான்னு இருக்கு" என்றாள். வண்டியை ஒருநாளும் பாராட்டாத ஸ்டீபன்ராஜ், "கேபிள் அறுந்ததுக்கு நீயா பொறுப்பு? பொய் சொன்னது அவுக" என்றார்.

மறுநாள் வண்டியைப் பங்க்கில் விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி நடந்து போனாள். சூசைமாணிக்கம் வாசல் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வண்டி எங்க? எடுத்துட்டு வா. இனி மறைக்க என்ன இருக்கு?" என்றார்.

அன்றிலிருந்து வண்டி வாசலில் நின்றது. அவரும் வெளியே நடந்தார். முதலில் கேட் வரை, பிறகு ரோட்டோரமாகக் கோயில் வரை. இரண்டு நாள் ஊர் வேடிக்கை பார்த்தது. மூன்றாம் நாளிலிருந்து கூடவே பேசிக்கொண்டு நடந்தது. நடை முடிந்ததும் வண்டியின் இடது பக்கம் நின்று, கிளட்ச் லீவரை விரலால் பிடித்து இழுப்பது அவருடைய கைப்பயிற்சி ஆனது. நல்ல இறுக்கமான லீவர். முதல் வாரம் அசையவே இல்லை. மூன்றாவது வாரம் பாதி வந்தது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பன்னிரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. ஆனந்தமேரி சாப்பாட்டையே மறந்தாள். இசைவாணி மட்டும் என்றைக்கும் இல்லாத நிம்மதியோடு பள்ளிக்குப் போய் வந்தாள். பதின்மூன்றாம் நாள் ஆண்டனிராஜும் அவன் அம்மாவும் மட்டும் வந்தார்கள். அந்த அம்மா இசைவாணியைத் தனியே கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினாள். வெளியே வந்து, "ஏனுங்க, நோவு எல்லார்த்துக்கும் வர்றதுதானுங்க. எங்ககிட்ட மறைச்சதுதான் மனசுக்குச் சங்கடமாப் போச்சு. இனி அப்படி வேண்டாமுங்க" என்றாள். ஈஸ்டர் கழிந்து தேதி குறித்தார்கள்.

கல்யாணத்தன்று ஏஞ்சலின் கோயிலில் ஓரமாக நின்றாள். எல்லோரும் பெண்ணைப் பார்க்க, அவள் பெண்ணின் தகப்பனாருடைய இடது காலைப் பார்த்தாள். கம்பை வலது கையில் ஊன்றி, இசைவாணியின் கையைக் கோத்துக்கொண்டு, சூசைமாணிக்கம் வாசலிலிருந்து நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார். பாட்டுக் குழு ஒரு வரியைத் திரும்பப் பாடியது. ஏஞ்சலினின் கால் தானாக முன்னே போகப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். இசைவாணி அவசரப்படவில்லை. பூச்செண்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி காத்திருந்தாள். அவர் மூச்சை இழுத்துவிட்டு மறுபடி காலை எடுத்து வைத்தார்.

பீடத்துக்கு இரண்டடி முன்னால் கால் விரல் ஒருதரம் கம்பளத்தில் தட்டியது. வேறு யாரும் கவனிக்கவில்லை. பாதத்தைத் தூக்குவதற்குத் திங்கட்கிழமையிலிருந்து தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஏஞ்சலின் நினைத்துக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்தாள்.