புகை வராத கரி

குழாய் வைத்துப் புகையிழுக்க ஆட்கள் வரும் அந்த ஹூக்கா கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். வாடிக்கையாளர்கள், பாத்திரம் கழுவுகிறவர், கரி மூட்டை இறக்கும் வண்டிக்காரர் என்று ஒருவர் விடாமல் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அவளுக்கு உடன்பிறந்தவன் ஒரே ஒருவன். கடையின் பின்னறையில் கரி பற்றவைத்துக் கொடுப்பது அவன் வேலை. முப்பதைத் தாண்டிய ஆள். சட்டைக் கையிலும் புருவத்திலும் எந்நேரமும் வெள்ளைத் தூள் ஒட்டியிருப்பதால் அவனுக்குச் சாம்பல் என்று பெயர் விழுந்திருந்தது. கரிக்கட்டை என்று வைக்காமல் விட்டார்களே என்று அவனே சிரித்துக்கொள்வான்.

கடை தொடங்கிய காலத்தில், ஹூக்காவில் புகையிலையின் மேல் வைப்பதற்கு அவள் புருஷன் வாங்கிப் போட்டது வட்டக் கரி. சீக்கிரம் பற்றுவதற்கு மருந்து சேர்த்து அச்சில் அழுத்திச் செய்தது. லைட்டரைக் காட்டினாலே பொரிந்து பற்றிக்கொள்ளும். பற்றும்போது பட்டாசு கொளுத்திய மாதிரி ஒரு நாற்றம் கிளம்பும். புகையிலையில் கலந்திருக்கும் பழ வாசனை முழுவதையும் அந்த நாற்றம் விழுங்கிவிடும். வாடிக்கையாளர்கள் முதல் இழுப்பிலேயே முகத்தைச் சுளித்தார்கள்.

தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கு மாறலாம் என்றாள் அக்கா. மருந்து கிடையாது, நாற்றம் கிடையாது, புகை கிடையாது, வெகு நேரம் தாங்கும். புருஷன் ஒத்துக்கொள்ளவில்லை. மின்சார அடுப்பில் கட்டிகளை அடுக்கி, திருப்பித் திருப்பிப் போட்டு, அவை சிவப்பதற்குள் வந்தவன் எழுந்து போய்விடுவான் என்றார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் இதே பேச்சு, படுக்கையிலும் இதே பேச்சு. கடைசியில் வழக்கமாக வருகிற இரண்டு மூன்று கூட்டங்கள் வேறு கடைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவர் இறங்கி வந்தார். இங்கே இயற்கைக் கரி மட்டும் என்று அக்கா வாசலில் பலகை மாட்டினாள்.

தோற்றதை அவரால் செரிக்க முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, பின்னறையில் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றி, முக்கிய வாடிக்கையாளர்களுக்காகச் சோபா போட்ட தனி அறையின் கழிப்பறையில் மாட்டவைத்தார். ஃபேன் இருந்த ஓட்டையையும் பக்கத்து ஜன்னலையும் பலகை வைத்து அடைத்தார். ஏசி குளிர் அந்த வழியாகப் போய்விடுகிறதாம். அக்கா ஏன் என்று கேட்டபோது, புகையே வராது என்று சொன்னவள் நீதானே, பிறகு ஃபேன் எதற்கு என்று திருப்பிக் கேட்டார். அவளுக்கும் அது சரியாகவே பட்டது. உண்மையில் புகை வரவில்லை. அடுப்பில் கட்டிகள் சத்தமில்லாமல் சிவந்து கிடந்தன. பின்னறை முன்பைவிடச் சுத்தமாக இருந்தது.

சாம்பல் தனக்குத் தலைவலி என்று சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அக்கா தைலம் கொடுத்தாள், இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். ராத்திரி போனை நோண்டாமல் தூங்கினால் சரியாகிவிடும் என்றார் அவள் புருஷன். வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போகும்போதே வலி குறைந்துவிடுகிறது என்று சாம்பல் ஒருமுறை சொன்னான். வேலை செய்ய அலுப்பாக இருக்கிறவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவர் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஒரு பெரிய பிறந்தநாள் கூட்டம் வந்த அன்று கடை நிரம்பி வழிந்தது. எல்லா மேசையிலிருந்தும் கரி மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். அக்கா இரண்டு தடவை மணியடித்தும் பின்னறையிலிருந்து தட்டு வரவில்லை. எரிச்சலோடு போய்க் கதவைத் தள்ளினாள். கரி மூட்டைகளுக்கு நடுவே சாம்பல் சரிந்து உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வாந்தி. கையில் இடுக்கி அப்படியே இருந்தது. கூப்பிட்டதற்குக் கண் மட்டும் அசைந்தது, பேச்சு வரவில்லை. உள்ளே இரண்டடி வைத்ததுமே அவளுக்கும் தலை கிறுகிறுத்தது. அக்குளில் கை கொடுத்து அவனைத் தரதரவென்று இழுத்தாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த புருஷன் முதலில் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இந்தப் பக்கமா வேணாம். பின்வாசல் வழியா கொண்டு போ. ஆளுங்க பாக்குறாங்க.”

அவள் கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் நடுவே, எல்லோரும் பார்க்க, தம்பியை இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கே போனாள். பிறந்தநாள்காரனே எழுந்து வந்து காலைப் பிடித்துத் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். எதை எரித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். இயற்கைக் கரிதான், மருந்து எதுவும் கலக்காதது, சுத்தமானது என்று புருஷன் விளம்பரம் மாதிரி ஒப்பித்தார். டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“கரி எதுவா இருந்தா என்னங்க? அடைச்ச ரூம்ல எரிச்சா எல்லாமே விஷக்காத்துதான். அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இவர் எழுந்திருக்கவே மாட்டார்.”

டாக்டரம்மா நகர்ந்ததும் புருஷன் நடையில் நின்றுகொண்டு, பழைய கரியே இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, நாற்றம் தாங்காமல் இவனே வெளியே வந்திருப்பான், எல்லாம் உன் பிடிவாதம் என்று ஆரம்பித்தார். அக்காவுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது. நாற்றம் இருந்தவரை ஃபேனும் இருந்தது. அதைக் கழற்றிய கை யாருடையது என்று கேட்க வாயெடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி முனகியதால் அப்படியே உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து மாற்று உடை எடுக்க வீட்டுக்குப் போகிற வழியில் கடை திறந்திருப்பதைப் பார்த்தாள். வாடிக்கையாளர் யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. வாசல் பலகையைக் காணவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் வட்டக் கரிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பிரச்சினை தீர்ந்துவிட்டது, கரியை மாற்றிவிட்டேன் என்றார் புருஷன், நல்ல சேதி சொல்கிறவர் போல. பின்னறையில் பாத்திரம் கழுவுகிறவர் குனிந்து கரி பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஃபேன் இருந்த ஓட்டையில் அதே பலகை. ஜன்னலிலும் அதே பலகை.

பாத்திரம் கழுவுகிறவரை வெளியே வரச் சொன்னாள். பொரிந்துகொண்டிருந்த கரித் தட்டை இடுக்கியால் பிடித்துத் தூக்கிவந்து, புருஷனின் மூக்குக்கு நேரே கல்லாமேசையில் வைத்தாள். மேசை விரிப்பு கருகியது. அவர் இருமிக்கொண்டே எழுந்தார்.

“பைத்தியமா உனக்கு? நாத்தம் கொடலைப் புடுங்குது.”

“உங்களுக்கு நாத்தமாவது வருது. என் தம்பிக்கு அதுகூட வரல. அந்த ரூம்ல இனி யாரும் நிக்கப் போறதில்ல. இந்தக் கரிக்கும் இல்ல, அந்தக் கரிக்கும் இல்ல. நிக்கணும்னா நீங்க போய் நில்லுங்க. கதவை நானே சாத்துறேன்.”

பாத்திரம் கழுவுகிறவர் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டார். தானும் உள்ளே போகமாட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். புருஷன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, கொல்லைப்புறத்தில் நிழலுக்காக நிறுத்தியிருந்த தன் காரை வெளியே எடுக்கப் போனார். அன்று மாலையே கரி பற்றவைக்கும் வேலை, கார் நின்ற திறந்தவெளிக்குப் போயிற்று. மேலே ஒரு தகரம் மட்டும் போட்டார்கள்.

சாம்பல் பிழைத்துக்கொண்டான். பேச்சுக்கு நடுவே சில வார்த்தைகள் சிக்கிக்கொண்டன, கண்ணாடி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. போகப் போகச் சரியாகும் என்றார்கள். வீட்டுக்கு வந்த அன்று அக்கா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளால் அடக்க முடியவில்லை.

“தலை சுத்துனப்பவே ஏன்டா வெளிய வரல?”

அவன் வார்த்தையைத் தேடினான்.

“கூட்டமா இருந்துச்சுக்கா. அத்தான் கோச்சுக்குவாருன்னு...”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். அவன் கடைக்குத் திரும்பவில்லை. செடி வளர்த்து விற்கிற ஓர் இடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது, அதற்குப் போகிறான். அக்கா கடையில்தான் இருக்கிறாள். புருஷனோடு கணக்கு வழக்கைத் தவிர வேறு பேச்சில்லை. அவர் இப்போதும் வருகிறவர்களிடம் எந்தக் கரி நல்லது என்று விளக்கிக்கொண்டிருப்பார். அவள் அந்தப் பேச்சு எழுந்ததும் கொல்லைப்புறத்துக்குப் போய்விடுவாள்.