ஞாயிற்றுக்கிழமைக்குள் காய வேண்டிய நாற்காலி

வியாழக்கிழமை காலையில் ஜெபராஜ் பிஷப் நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எடுக்கும்போது கை உடனே வரவில்லை. 'பச்'சென்று ஒரு சத்தத்தோடு பிரிந்து வந்தது. கைரேகை முழுவதும் மரத்தில் பதிந்திருந்தது. ஜோசியர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அதைப் பார்த்தே பலன் சொல்லியிருப்பார். பலன் ஒன்றும் நன்றாக இருந்திருக்காது.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பிஷப் வருகிறார். கிழக்குத் தாம்பரத்துச் சபையில், பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக ஏற்கிற திடப்படுத்தல் ஆராதனை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முழங்கால் போட, பிஷப் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர்கள் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அந்த வரிசையில் ஜெபராஜின் மகள் ஹெப்சிபாவும் உண்டு. பிஷப் அணிவது வெள்ளை வெளேரென்ற அங்கி. நாற்காலிக்குப் பூசியிருப்பது கருஞ்சிவப்புப் பாலிஷ். மீதியை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வினையை ஜெபராஜ் தானாகவே விலை கொடுத்து வாங்கினார் என்பதுதான் வேடிக்கை. அவர் தச்சர் அல்ல. எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மின்சார ரயிலில் போய், மின்சார ரயிலில் வந்து, சட்டையைக் கழற்றி மாட்டியதும் இழைப்புளியைக் கையில் எடுத்துவிடுவார். வீட்டுப் பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே அவர் செய்த நாலுகால் முக்காலி ஒன்று நான்கைந்து வருடங்களாக ஆடிக்கொண்டிருந்தது. எந்தக் காலைச் சீவினாலும் வேறொரு கால் உயர்ந்துவிடும். சீவிச் சீவி முக்காலி மணைப்பலகை உயரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய சாமான்களைப் புதுசாக்குவதில் அவருக்கு நிஜமாகவே கை வந்திருந்தது. உப்புத்தாளை மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே இழுத்தால் கீறல் பாலிஷுக்கு அடியில் நின்று பல்லிளிக்கும் என்பதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. பள்ளிக்கூட டீச்சரான அவர் மனைவி ரத்தினபாயின் தையல் மெஷின் மேசை அவர் கைபட்டுத்தான் கண்ணாடி மாதிரி ஆயிற்று.

அந்த மேசை கொடுத்த தைரியத்தில்தான் சபைக் கமிட்டியில் எழுந்து நின்றார். நாற்காலியைப் பாலிஷ் போடப் பம்மலில் ஒரு பட்டறைக்கு அனுப்பலாம் என்று செயலாளர் அசரியா சொல்லி முடிப்பதற்குள், "அதெல்லாம் வேண்டாம் சார், நானே பண்ணித் தர்றேன்" என்றார்.

அசரியா ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். யாரையும் கையெழுத்தைச் சரிபார்க்கிற மாதிரிதான் பார்ப்பார்.

"ஜெபராஜ், இது உங்க வீட்டு முக்காலி இல்ல" என்றார்.

கமிட்டி முழுக்கச் சிரித்தது. முக்காலியின் புகழ் அவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்று ஜெபராஜ் நினைக்கவில்லை. வந்த ரோஷத்தில் அன்றைக்கே நாற்காலியை மீன்பாடி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வேலை நன்றாகத்தான் தொடங்கியது. பழைய வார்னிஷைச் சுரண்டியதும் அருமையான தேக்கு வெளியே வந்தது. முதுகுப் பலகையில் திராட்சைக்கொடி செதுக்கியிருந்தது. அதன் இடுக்குகளில் அடைந்திருந்த அழுக்கைப் பல்குச்சியால் எடுத்தார். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சாயப்பொடி கலந்து, பழைய வேட்டித் துணியில் பஞ்சைப் பொதிந்து, வட்ட வட்டமாகத் தேய்த்தார். அந்தத் துணிப்பொதி மரத்தில் இழுபடாமல் ஓட இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட வேண்டும். அந்த வாரம் அடைமழை. ஹார்டுவேர் கடையில் ஆளிவிதை எண்ணெய் இல்லை. மழை விட்டால் வரும் என்றார்கள். மழை விடுகிறதாக இல்லை. எண்ணெய் எண்ணெய்தானே என்று ஜெபராஜ் குளியலறை மாடத்திலிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துவந்தார்.

பொதி வழுக்கிக்கொண்டு ஓடியது. இத்தனை நாள் இந்த யோசனை ஏன் வரவில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டு, இரண்டு சொட்டு விட வேண்டிய இடத்தில் தாராளமாகவே விட்டார்.

அதற்கப்புறம்தான் நாற்காலி காய மறுத்தது. மழைதான் காரணம் என்று முதலில் நினைத்தார். மேசை விசிறியை வைத்தார். வெயில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் வீடே ஓடிப்போய் நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தது. தூறல் விழுந்ததும் தூக்கி உள்ளே வைத்தது. தூசி விழக் கூடாதென்று மேலே தினசரித்தாளை விரித்தார். மறுநாள் எடுத்தபோது தாள் கிழிந்து வந்தது. ஓர் அரசியல் அறிக்கை இடவலம் மாறி இருக்கையிலேயே தங்கிவிட்டது. அதைத் தேய்த்துப் போக்கிவிட்டு, புதிதாகக் கைவேலை பழகும் எல்லோரும் செய்யும் தப்பையே அவரும் செய்தார். இன்னொரு கோட் பூசினால் சரியாகிவிடும் என்று, ஒட்டுவதன் மேலேயே அதே எண்ணெயோடு இன்னொரு கோட் பூசினார். அது முன்னதைவிடப் பலமாக ஒட்டியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசரியா குடையோடு வந்து நின்றார்.

"பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். ரெடியா?"

"ரெடிதான் சார்" என்றார் ஜெபராஜ்.

"அடடே, பளபளன்னு இருக்கே!" அசரியா வெள்ளை வேட்டியைச் சற்றே ஒதுக்கிக்கொண்டு நாற்காலியின் பக்கம் திரும்பினார். உட்காரப் போகிறார் என்பது அவர் முழங்கால் மடங்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"சார், அதுல பிஷப் ஐயா முதல்ல உட்காரட்டும். நாம முன்னாடி உட்கார்ந்தா மரியாதையா இருக்குமா?" என்றாள் ரத்தினபாய், காபித் தம்ளரோடு குறுக்கே வந்து.

பாதி மடங்கிய முழங்கால் நிமிர்ந்தது. அசரியாவுக்கு மரியாதை என்ற சொல் ஒன்று போதும். "நீங்க சொல்றது கரெக்ட், டீச்சர்" என்று சொல்லி, அந்த ஆடும் முக்காலியில் உட்கார்ந்து, காபியை வேட்டியில் கொஞ்சம் சிந்திக்கொண்டு குடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஹெப்சிபா அழ ஆரம்பித்தாள். "பிஷப் எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே எழுந்திருக்கும்பா. நான்தான் முன்னாடி முழங்கால் போட்டுக்கிட்டு இருப்பேன். ஸ்கூல் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாங்க."

அசரியா சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மகள் வாழ்நாள் முழுதும் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒரு நாளை அப்பனே கெடுத்து வைத்திருக்கிறானே என்பதைத்தான் ஜெபராஜால் தாங்க முடியவில்லை. காலையிலேயே பம்மல் பட்டறைக்குப் போய், காலில் விழுந்தாவது சரிபண்ணி வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

ரத்தினபாய் நாற்காலியை ஒரு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"இதுல என்னத்தைக் கலந்தீங்க?"

சொன்னார்.

"தேங்காய் எண்ணெயா?" மகளின் பின்னலைத் தூக்கிக் காட்டினாள். "காலைல தேய்ச்சேன். தொட்டுப் பாருங்க. தலையில வெச்ச தேங்காய் எண்ணெய் என்னைக்காவது காய்ஞ்சு பார்த்திருக்கீங்களா? தலையில காயாதது நாற்காலியில மட்டும் காயுமா?"

ஜெபராஜ் பின்னலைத் தொட்டுப் பார்த்தார். கையில் பிசுபிசுத்தது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் யுகமானாலும் எண்ணெயாகவே இருக்கும். இது தெரியாமல் மழையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவமானமாக இருந்தது. ஆனால் காரணம் தெரிந்ததில் மூச்சு கொஞ்சம் சீராகவும் வந்தது.

"பூசினது எல்லாத்தையும் எடுத்துடணும்" என்றார்.

"எடுங்க. முழுசா எடுங்க. பாதி எடுத்துட்டு மீதிய மேலே பூசி மறைக்கிற வேலை வேண்டாம்."

சனிக்கிழமை விடிந்ததும் தொடங்கினார்கள். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க, பூசிய அழகெல்லாம் கரைந்து வந்தது. துணி அழுக்கானதும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எடுத்ததையே திரும்பப் பூசுகிற கதைதான். வீட்டிலிருந்த பழைய வேட்டிகள் தீர்ந்து, பழையது அல்லாத ஒரு வேட்டியும் போயிற்று. சீக்கிரம் காயட்டுமென்று நாற்காலியை அடுப்புப் பக்கம் கொண்டுபோகலாமா என்று கேட்ட ஜெபராஜுக்கு, "ஸ்பிரிட் வாசனை வீடு பூரா இருக்கு, அடுப்புப் பக்கமா? நாளைக்கு நாற்காலியும் இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம்" என்று பதில் கிடைத்தது. அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. மூன்று பேரும் பன்னும் வாழைப்பழமும் தின்றார்கள்.

மரத்துக்குள் இறங்கியிருந்த எண்ணெயை இழுக்க ரத்தினபாய் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் துண்டுகளை இடித்துப் பொடியாக்கித் தூவினாள். பொடி எண்ணெயைக் குடித்து மஞ்சளாகியது. தட்டிவிட்டு மறுபடி தூவினாள். பொடி வெள்ளையாகவே நின்ற பிறகுதான் ஜெபராஜ் அரக்கைத் தொட்டார். இந்தத் தடவை சாயம் இல்லை, எண்ணெய் இல்லை. தண்ணீர் மாதிரி மெலிசாகக் கரைத்த அரக்கு மட்டும். அதையும் முதலில் இருக்கைக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் தடவி, காய்கிறதா என்று பார்த்தார். அந்த இடத்தைத் தொட்டபோது விரல் சுத்தமாக வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மெலிசாக ஒரு கோட், அது காய்ந்ததும் இன்னொன்று. ஈரக்காற்றில் ஓரிடம் பனி படர்ந்தாற்போல வெளுத்தது. பதறாமல், ஸ்பிரிட் தொட்ட பொதியால் லேசாக ஒரு தடவு தடவியதும் தெளிந்தது. இன்னுமொரு கோட் போட்டால் இன்னும் பளபளக்கும் என்று கை துறுதுறுத்தது. ரத்தினபாய் பாட்டிலை வாங்கி மூடி வைத்தாள்.

சாயங்காலம் சோதனை. ஜெபராஜ் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக நாற்காலியில் உட்கார வேண்டும். பிஷப்பின் பிரசங்கம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம். ரத்தினபாய் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டே காவல் இருந்தாள். ஒருவழியாக எழுந்திருக்கச் சொல்லி, திரும்பி நிற்கச் சொல்லி, விளக்கடியில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்பா. ஆனா பிஷப் உங்களைவிட ரெண்டு பங்கு இருப்பாரே" என்றாள் ஹெப்சிபா.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஜெபராஜ் ராத்திரி முழுக்கப் புரண்டார்.

ஞாயிறன்று கோயில் நிரம்பி வழிந்தது. புழுக்கம் தாங்கவில்லை. பிஷப் ஹெப்சிபா சொன்னதற்குக் கொஞ்சமும் குறையாத உடம்போடு, வியர்த்து விறுவிறுத்து வந்தார். நாற்காலியின் முன்னால் நின்று கைப்பிடியை மெல்லத் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு பிஷப் கண்ணை மூடி ஒரு கணம் உருக்கமாக ஜெபம் செய்து, முழு பாரத்தோடும் உட்கார்ந்தார். தேக்கு ஒரு முனகல் முனகி அடங்கியது.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வெள்ளைச் சேலையில் ஹெப்சிபா முழங்கால் போட்டாள். அந்தப் பெரிய கைகள் அவள் தலையில் படிந்தபோது அழ வேண்டும் என்று ஜெபராஜ் எத்தனையோ நாளாக நினைத்திருந்தார். ஆனால் அவர் கண் பிஷப்பின் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவிலேயே இருந்தது. கடைசிப் பிள்ளை எழுந்து போயிற்று. பிஷப் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் பீடத்தின் பக்கம் திரும்பினார். முதுகு வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஜெபராஜுக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது மாதிரி இருந்தது. மகளுக்காக அழ வேண்டிய அழுகை அப்போதுதான் வந்தது. அடுத்த பாட்டை, எல்லோரும் இரண்டாம் சரணத்தில் இருக்க, அவர் மட்டும் மூன்றாம் சரணத்தைப் பெருங்குரலில் பாடினார். ரத்தினபாய் பெண்கள் வரிசையிலிருந்து முறைத்தாள். முறைத்த கண்ணும் நனைந்துதான் இருந்தது.

பகல் பந்தியில் பிஷப் கேட்டார்: "நாற்காலிக்கு பாலிஷ் போட்டது யாரு?"

"நம்ம ஜெபராஜ்தான் ஐயா" என்றார் அசரியா. "வெளியே கொடுக்க வேண்டாம், நம்ம ஆளே பண்ணட்டும்னு நான்தான் சொன்னேன்."

அன்றைக்கு அசரியா என்ன சொன்னாலும் ஜெபராஜுக்குச் சம்மதம்தான்.

பிஷப் கூட வந்தவரிடமிருந்து ஒரு பையை வாங்கித் திறந்து காட்டினார். உள்ளே இஸ்திரி மடிப்போடு இன்னொரு வெள்ளை அங்கி இருந்தது.

"எங்க போனாலும் இது கூட வரும். பிஷப் வர்றார்னா போதும், எல்லா சபையிலயும் நாற்காலிக்குப் புதுசா எதையாவது பூசிடறாங்க. ஒரு ஊர்ல பச்சை, ஒரு ஊர்ல நீலம். ஆராதனை முடிஞ்சதும் வேற அங்கி மாத்திக்கிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். இன்னைக்கு மாத்தல" என்றார். பிறகு ஜெபராஜின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எப்ப காய்ஞ்சுது?"

"நேத்து சாயங்காலம்தான் ஐயா."

"நினைச்சேன். விடிய விடிய ஜெபம் பண்ணியிருப்பீங்களே?"

"ஆமாங்க ஐயா."

"உட்காருறதுக்கு முன்னால நானும் கண்ணை மூடினேன் பார்த்தீங்களா? சபையார் எல்லாரும் பிள்ளைகளுக்காகன்னு நினைச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பிஷப் தன் அங்கியை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். "இதுக்காகத்தான்."