பெயருக்கு ஒரு பிடி மண்

சவப்பெட்டி குழிக்குள் இறங்கி, கயிற்றை உருவிக்கொண்டிருந்தார்கள். ஏசுரத்தினம் தன் மகன் ஆல்பினை மண் தள்ளச் சொன்னார். மண்வெட்டியை எடுத்த ஆல்பின், அதைக் கீழே வைத்துவிட்டு உபதேசியார் ஜெரால்டைப் பார்த்தான்.

பர்மாவில், க்யிம்யிண்டைங் தமிழ்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருசத் துறைமுகக் கலவரத்தில், தமிழன் தெலுங்கன் என்பதற்காகவே வெட்டுப்பட்ட கூலிக்காரர்களை ஆறு கொண்டுபோய்விட்டது. அவர்களுக்குக் கல்லறை கிடையாது. அதனால் சபையில் யாரைப் புதைத்தாலும், முதலில் அவர்கள் பெயரைச் சொல்லி, பெயருக்கு ஒரு பிடி மண் போடுவார்கள். அந்தக் குழியில் அவர்களுக்கும் இடம். பெயர்களைச் சொல்வது ஏசுரத்தினத்தின் மனைவி மரியபுஷ்பம். எழுதிவைத்தால் ராணுவத்தான் கையில் சிக்கும் என்று எல்லாம் மனப்பாடம். இன்று குழிக்குள் கிடப்பது அவள்.

ஜெரால்ட், "சூசை, சந்தியாகு" என்று தொடங்கி அதோடு நின்றுவிட்டார். மற்றவர்களுக்கும் அதற்குமேல் தெரியவில்லை. இத்தனை வருசமும் அவள் சொன்னாள், இவர்கள் மண் போட்டார்கள்.

"சொல்றவளே போய்ட்டா. மூடுங்க," என்றார் ஏசுரத்தினம்.

பர்மாக்காரன் வெட்டியதைப் பர்மாக்காரி மருமகள் முன்னால் எதற்குச் சொல்ல வேண்டும்? மா சான் நாளைக்கு எங்கே போய் என்ன சொல்வாளோ, யார் கண்டது. ஆனால் வெட்டுப்பட்டவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். இன்றோடு அவருக்குப் போடும் மண்ணும் முடிந்தது.

மா சான் குனிந்து மண்ணை அள்ளினாள்.

"சூசை. சந்தியாகு. வீராசாமி. எல்லய்யா..."

மரியபுஷ்பத்தின் அதே நிதானம். பெயருக்குப் பெயர் மண் விழுந்தது. மரியபுஷ்பம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மாமியாருக்கும் மருமகளுக்கும் அப்படி என்ன குசுகுசுப்பு என்று அவர் எரிந்து விழுந்திருக்கிறார்.

கடைசியில் மா சான் நிறுத்தினாள்.

"இன்னும் ஒருத்தரு, மாமா. ஒங்க அப்பா. அத்தை அவரு பேர மட்டும் சொன்னதில்ல. மாமனார் பேரு சொல்லக்கூடாதாம். சும்மா மண்ணுதான் போடுவாங்களாம்."

உண்மைதான். கடைசிப் பிடி எப்போதும் சத்தமில்லாமல்தான் விழுந்தது. எத்தனை குழி பார்த்தாயிற்று, ஒன்றில்கூட அப்பாவின் பெயர் விழவில்லை.

"அவங்கள வெட்டுனது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும், மாமா. அத்தை சொன்னாங்க." அவள் பார்வையை இறக்கவில்லை. "பேரு சொல்லுங்க. எனக்கு அவரு மாமனார் இல்ல. நான் சொல்லலாம்."

அவர் இடுப்பில் லோஞ்சியை இறுக்கிக் கட்டினார்.

"சவரிமுத்து," என்றார்.

"சவரிமுத்து," என்றாள் அவள். மண் விழுந்தது.

திரும்பும் வண்டியில் மா சான் எதிரே உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது விட்ட இடம் மறந்து, மறுபடியும் சூசையிலிருந்து தொடங்கினாள். ஏசுரத்தினம், டிரைவரோடு பேசிக்கொண்டிருந்த ஆல்பினின் தொடையில் தட்டி, கொஞ்சம் வாயை மூடச் சொன்னார்.