படித்துக் காட்டக் கேட்டேன்

வீராயி சொல்லச் சொல்லக் கிளமெண்ட் எழுதிய மூன்று பக்கத்தையும் இன்ஸ்பெக்டர் நான்காக மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்துக்கொண்டார். கிளாசின் ஈரம் தாளில் வட்டமாக ஊறியது. "வேற எழுதுய்யா" என்றார். கிளமெண்ட் வேறு எழுதினார்.

அந்த ஸ்டேஷனுக்கு அவர்தான் ரைட்டர். இருபத்தாறு வருஷமாக ஊராரின் அடிதடியையெல்லாம் வெள்ளைத் தாளில் இறக்கி வைக்கிற வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். வரதராசன்பேட்டையில் திருவிழா வந்தால் கோவில் பலகையில் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கைக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் புகாராக இருந்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: 'படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.' இதுவரை அவர் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. கை தானாக அந்த வரியை எழுதி, கைநாட்டுக்குக் கொஞ்சம் இடமும் விட்டுவிடும்.

நடந்தது ஊருக்கே தெரியும். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கப் போன வீராயியை நேற்றுப் பட்டப்பகலில் ஒன்றிய அலுவலக வாசலில் பத்துப் பேர் மறித்தார்கள். மனுவைப் பிடுங்கிக் கிழித்தார்கள். விடமாட்டேன் என்று பிடித்திருந்த வலது கையை இரும்புக் குழாயால் அடித்து மணிக்கட்டை உடைத்தார்கள். காவலுக்கு நின்ற இரண்டு போலீசும் சரியாக அந்த நேரத்துக்கு டீ குடிக்கப் போயிருந்தார்கள். போகச் சொன்னவர் இன்ஸ்பெக்டர். போன் போட்டு அதைச் சொன்னவர் கிளமெண்ட்.

மனு கொடுக்க நாளை மாலை ஐந்து மணி வரை நேரமிருந்தது. எஃப்.ஐ.ஆர். கையில் இருந்தால் கலெக்டரைப் பார்த்துப் பாதுகாப்பு கேட்டு மறுபடி மனுவைக் கொடுத்துவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவள் பெரம்பலூரில் மாவுக்கட்டுப் போட்ட கையோடு பஸ் மாறி மாறி வந்து உட்கார்ந்திருந்தாள். அது கிடைக்காவிட்டால் எதிராளி போட்டியின்றித் தேர்வு. ஊரில் ஒரு ஓட்டுகூட விழாது, வெடி மட்டும் வெடிக்கும்.

எதிராளியின் மச்சான் ராஜேஷ் இன்ஸ்பெக்டருக்கு எதிரே கால்மேல் கால் போட்டிருந்தான். ஆளைத் திரட்டி வந்ததும் அவன்தான், இப்போது ஸ்டேஷனுக்கே டீ வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். டீயில் முக்கிய பிஸ்கட் உடைந்து விழ, அதை விரலால் துழாவி எடுத்து நக்கினான். "பாவம் சார் இந்தம்மா. கைக்கு நல்ல எண்ணெயா வாங்கித் தரச் சொல்லவா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். கிளமெண்ட் அந்த விரலிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். இந்தக் கருமத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவன் வாங்கிய டீயைக் குடித்துத் தொலைத்தோமே என்று இருந்தது.

எழுதி முடித்துத் தாளை நகர்த்தினார். வீராயி தொடவில்லை.

"என்ன எழுதியிருக்கீங்கன்னு படிச்சுக் காட்டுங்க ஏட்டய்யா."

"நீ சொன்னதத்தான் எழுதியிருக்கு. வையிம்மா கைநாட்ட" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சொன்னதுதான, அப்பப் படிக்கிறதுல என்ன கஷ்டம்?"

ராஜேஷ் கையை விரித்தான். "படிங்க சார், நாங்களும் கேப்போம்."

கிளமெண்ட் படித்தார். "கூட்ட நெரிசலில் கால் இடறிப் படியில் விழுந்ததில் எனது வலது கையில் அடிபட்டது. மனு காற்றில் பறந்துவிட்டது. எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை." எழுதும்போது ஒன்றும் தெரியவில்லை. சொந்தக் குரலில் கேட்டபோது சீ என்று ஆகிவிட்டது. காற்றாம், பறந்ததாம். கடைசி வரியில் 'படித்துக் காட்டக் கேட்டேன்' என்று இருந்தது. அதை மட்டும் படிக்காமல் விட்டார்.

"இது யாரு சொன்னது?" வீராயி அவரை மட்டும்தான் பார்த்தாள். "நான் கையெழுத்துப் போடுறவ. கிழிச்சாங்களே, அதுல நாலு எடத்துல போட்டிருந்தேன். நான் சொன்னத எழுதுங்க, கோணல்மாணலா எடது கையால போடுறேன்."

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். பெண் போலீஸ் ஜெயசித்ரா வந்து, சுவரைப் பார்த்தபடியே, வீராயியின் இடது கையைப் பிடித்தாள். மை தடவிக் கட்டைவிரலைத் தாளில் அழுத்தினாள். வெறும் கறுப்புத் திட்டு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் திட்டுத்தான், ஒரு கோடுகூட இல்லை. ஆண்டிமடத்துப் பக்கம் பதினெட்டு வருஷமாக முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் வெந்து ரேகையெல்லாம் போயிருந்தது.

"ரேஷன் கடை மிஷினே என் வெரல எடுக்காது" என்றாள் வீராயி.

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு எழுந்தார். "எந்த வெரலா இருந்தா என்ன? யோவ் ரைட்டரே, ஒன்னோடத வச்சு முடி." ராஜேஷைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட அவரும் கூடவே இறங்கிப் போனார். ஜெயசித்ரா கையை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்துப் பக்கம் ஒதுங்கினாள்.

கிளமெண்ட் கட்டைவிரலை மையில் ஒற்றினார். இருபத்தாறு வருஷமாகப் பேனாவைத் தவிர எதுவும் படாத விரல். கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. மகள் ஷைனிக்கு ஆடியில் பிரசவம், இப்போது எங்காவது தூக்கியடித்தால் என்ன செய்வது என்று நினைத்தார். அப்படி நினைத்த தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"வைங்க ஏட்டய்யா" என்றாள் வீராயி. குரலில் கோபம்கூட இல்லை. "என் பேருக்குக் கீழ ஒங்க ரேகை. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அது ஒங்களதுதான்."

விரல் தாளுக்கு மேலேயே நின்றது. வெளியே ராஜேஷ் ஏதோ சொல்ல, இன்ஸ்பெக்டர் உரக்கச் சிரிப்பது கேட்டது.

கிளமெண்ட் இடது கையால் டீ கிளாசைத் தூக்கினார். வீராயி முதலில் சொன்னதை எழுதி மடித்த மூன்று பக்கமும் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன. கிழிந்துவிடாமல் மை பட்ட வலது கையால் மெல்லப் பிரித்தெடுத்தார். பிரித்த இடத்தில், டீக் கறை வட்டத்துக்கு நடுவே, அவருடைய கட்டைவிரல் வரி வரியாகப் பதிந்திருந்தது. கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு படியேறி வரும் பூட்ஸ் சத்தம்.