இரண்டு வாசல் பனி

மர்ஃபிக்கு உடம்பு சரியில்லை என்பதை அவன் வால்தான் முதலில் சொன்னது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த நீண்ட நீல வால் தாழ்ந்து எழுந்தது. மூச்சை இழுக்கச் சிரமப்படும் கிளிதான் அப்படிச் செய்யும். கண்ணைச் சுற்றியிருந்த வெள்ளைத் தோல் சாம்பல் பூத்திருந்தது. தொண்டைக்குள் யாரோ பேனாவை அழுத்தி அழுத்தி விடுவதுபோல 'டிக், டிக்' என்று ஒரு சத்தம்.

எனக்குக் கல்யாணமான வருடம், என் கணவர் லாயிட் ஒரு ஷூ பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்த பஞ்சவர்ணக்கிளிக் குஞ்சு அவன். "குழந்தை பொறக்கிற வரைக்கும் இவன்தான்" என்றார். குழந்தை பிறக்கவில்லை. மர்ஃபி இருந்தான். லாயிட் போன பிறகும் இருந்தான். ஏரிக்கரை ஊரான எங்கள் டுலூத்தில் நவம்பரில் சாத்திய ஜன்னலை ஏப்ரலில்தான் திறப்போம். அந்த மாதங்களில் பல நாள் நான் கேட்ட ஒரே குரல் அவனுடையது. அதுவும் லாயிடின் குரல்: "மார்லிஸ்! கதவைச் சாத்து!" ஏரிக்காற்று உள்ளே வந்துவிடுமாம்.

இப்போது அதையும் நிறுத்திவிட்டான். பேச மூச்சு போதவில்லை.

பறவைகளைப் பார்க்கிற டாக்டர் ஹோல்ம் சின்னப் பெண். எக்ஸ்ரே எடுத்தாள், ரத்தம் எடுத்தாள், தொண்டையில் பஞ்சு விட்டுப் பார்த்தாள்.

"கிருமி இல்ல, கட்டி இல்ல. ஆனா நுரையீரல் கஷ்டப்படுது. ஏன்னு சத்தியமா எனக்குத் தெரியல" என்றாள். "வீட்டில வேற பறவை இருக்கா?"

"இல்ல. நாங்க ரெண்டு பேர்தான்."

"ஸ்ப்ரே, சென்ட், பவுடர்? வாசனை மெழுகுவர்த்தி? நான்ஸ்டிக் சட்டி?"

"பவுடர் பூசிட்டு யார்கிட்ட காட்டப் போறேன்? மெழுகுவர்த்தி உண்டு. சட்டி உண்டு."

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க. பழைய கம்பளம் இருந்தா அதையும். இவனுக்கும் வயசாச்சு. பாப்போம்."

டாக்டர்கள் 'பாப்போம்' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பதை லாயிடின் கடைசி மாதங்களில் நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

கம்பளத்தைச் சுருட்டித் தூக்க வெண்டல் கோஸ்கி வந்தார். அவர் வருவதற்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். போன வசந்தத்தில், பறவைத் தீவனக் கடையில் கடைசியாக இருந்த கொட்டைப் பைக்கு இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்; பழக்கம் அங்கே ஆரம்பித்தது. "உன் வீட்டிலயும் ஒரு ராஜா உக்காந்து ஆள்றாரா?" என்றார். அவர் வீட்டில் ஆண்டது ராணி. பேர்ல் என்ற வெள்ளைக் கொண்டைக்கிளி. மூன்று வீடுகள் கைவிட்ட பிறகு அவரிடம் வந்தவள். நெடுநேரம் தனியாக விட்டால் தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்வாள். வேறு பெண் வாசலில் கால் வைத்தால் கூரை பறக்கக் கத்துவாள். அதனால் நாங்கள் சந்திப்பது என் வீட்டில்தான், பேர்ல் மதியம் தூங்குகிற நேரத்தில்.

லாயிடுக்குப் பிறகு யாரையும் கிட்டே விடாத மர்ஃபி, வெண்டலை மட்டும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டான். கையில் ஏறி, தோளுக்குப் போய், அவர் கழுத்துப்பட்டிக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு கண்ணை மூடினான். அன்றைக்கு நான் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

வெண்டலின் கருநீல ஸ்வெட்டரில் தோள்பக்கம் எப்போதும் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கும். வந்து உட்கார்ந்ததும் தட்டிவிடுவேன். அவரைத் தொட எனக்குக் கிடைத்த சாக்கு அது.

"பொடுகு, மிஸ்டர் கோஸ்கி."

"மேடம், என் தலையைப் பாரு. வாத்து முட்டை. பொடுகு வேணும்னா நான் கடன்தான் வாங்கணும். இது பேர்லோட கைங்கரியம். அவ ஒரு தடவை சிலிர்த்தா வீடே மாவு மில்லுதான்."

"இன்னொருத்தியோட அடையாளத்தைத் தோள்ல வச்சுக்கிட்டு என் வீட்டுக்கு வர்றியே, வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட்ட காலமெல்லாம் போச்சு. காபி இருக்கா?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் வாசலில் பனியைத் தள்ளி முடித்து, ஷவலைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"மார்லிஸ், இந்த வயசில ஒரு ஆள் ரெண்டு வாசலுக்குப் பனி தள்றது முட்டாள்தனம்."

"என் வாசலைத் தள்ளச் சொல்லி உன்னை யார் கேட்டா?"

"நான் அதைச் சொல்லல."

"பின்ன எதைச் சொல்ற?"

"ஒரே வாசலா இருந்தாத் தேவலைன்னு சொல்றேன்."

எங்கள் பக்கத்து ஆண்கள் இதற்கு மேல் பேச மாட்டார்கள். காது வரை சிவந்திருந்தார். குளிரால்தான் என்று இருவரும் வைத்துக்கொண்டோம். அரிசோனாவில் மகளைப் பார்த்துவிட்டு வருவதாகவும், வந்த பிறகு பதில் சொன்னால் போதும் என்றும் சொன்னார். பேர்லை வண்டியில் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனார்.

வீடு மறுபடியும் பழைய அளவுக்குப் பெரிதாகிவிட்டது. ஒரே ஒரு கோப்பையைக் கழுவி வைக்கும்போது அந்தச் சத்தம் கூடம் வரை கேட்டது. ஆனால் மர்ஃபியின் வால் மெல்ல மெல்ல அடங்கியது. முகத்தோல் மறுபடியும் வெள்ளையாயிற்று. ஒரு நாள் காலை நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது, கூடத்திலிருந்து இடி மாதிரி வந்தது: "மார்லிஸ்! கதவைச் சாத்து!"

உடனே வெண்டலுக்குப் போன் செய்தேன்.

"கம்பளம்தான், வெண்டல்! கம்பளம்தான் காரணம்! கத்தறான்!"

"அப்ப என் இடுப்பு வலி வீண் போகல."

"சீக்கிரம் வா. பதில் வச்சிருக்கேன். பயப்படற மாதிரி பதில் இல்ல."

அவர் அந்தப் பக்கம் திரும்பி, "கேட்டியா, பேர்ல்?" என்றார். பேர்ல் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

அவர் திரும்பி வந்த அன்று நல்ல வெயில். பனியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. இரும்புச் சட்டியில் ஆப்பிள் கேக் சுட்டு வைத்திருந்தேன். மர்ஃபி அவரைக் கண்டதும் இறக்கையை விரித்துத் துள்ளினான், தோளில் ஏறினான், வழக்கம்போல மூக்கைப் புதைத்தான். நானும் வழக்கம்போல, "பொடுகு, மிஸ்டர் கோஸ்கி" என்று தோளைத் தட்டினேன்.

வெள்ளைப் பொடி எழுந்தது. கீழே விழவில்லை. வெளிச்சத்தில் மிதந்து, சுழன்று, நிதானமாக மர்ஃபியின் முகத்தைச் சுற்றி இறங்கியது.

கேக்கை வெட்டி முடிப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. டிக்.

வேறு பறவை இருக்கிறதா என்று டாக்டர் கேட்டாள். இல்லை என்றேன். பவுடர் உண்டா என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்றேன். இரண்டும் வாரம் தவறாமல் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தன.

"வெண்டல், அசையாத. அவனை என்கிட்ட கொடு."

"என்ன ஆச்சு?"

"பொடுகு" என்றேன்.

அவர் தன் தோளைப் பார்த்தார். மர்ஃபியின் வாலைப் பார்த்தார். பிறகு கோட்டுகூடப் போடாமல் எழுந்து வெளியே போய், கண்ணாடிக் கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டார்.

டாக்டர் போனில், "ஐயோ, வீட்டுக்கு வர்றவங்களைப் பத்திக் கேக்காம விட்டுட்டேனே" என்றாள். கொண்டைக்கிளிகளின் இறகுப் பொடி பஞ்சவர்ணக்கிளிகளின் நுரையீரலைக் கெடுக்கும் என்றாள். ஒரே வீட்டில் இரண்டையும் வைக்கவே கூடாது, இவனுக்கு இனி கொஞ்சம் பட்டாலும் ஆபத்து. ஒரே வீட்டில் என்று அவள் சொன்னபோது நான் வெளியே நின்றிருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மர்ஃபியைப் படுக்கையறையில் விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மூச்சு கண்ணாடியில் படிந்து, மறைந்து, படிந்தது.

"பேர்லை வேணும்னா எங்கயாவது..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாத. நாலாவது வீடும் கைவிட்டா அவ இறகோட நிறுத்துவாளா?"

"அப்ப மர்ஃபி?"

"அவன் யார்கிட்ட போவான்? உன்கிட்டதான் போவான்."

சிரித்துவிட்டார். நானும். சிரிப்பு நின்ற பிறகு, கண்ணாடியில் படிந்த மூச்சை அவர் கையால் துடைத்தார்.

"அந்தப் பதில்... என்ன சொல்றதா இருந்த?"

"ஒரே வாசல்னுதான்."

தலையை ஆட்டினார். "கேட்டு வச்சது நல்லதாப் போச்சு" என்றார். கோட்டையும் கேக்கில் பாதியையும் கதவிடுக்கு வழியாகக் கொடுத்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு ஷவலை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த என் வாசலை மறுபடியும் தள்ளத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவர் வீட்டுக்குப் போகிறேன். பேர்ல் தொண்டை வற்றும்வரை என்னைத் திட்டிவிட்டு, பிறகு அவர் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். நானும் அவரும் சோபாவில் சாய்ந்து பேசாமல் இருப்போம். என் தலை அவர் தோளில். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவேன், மர்ஃபியும் தனியாக இருக்கப் பயப்படுகிறான்.

வீட்டுக்குள் அப்படியே நுழைய முடியாது. கார் நிறுத்தும் காராஜில், எலும்பு வரை இறங்கும் குளிரில், ஸ்வெட்டர், பாவாடை, காலுறை எல்லாவற்றையும் கழற்றிப் பையில் கட்ட வேண்டும். பல் கிட்டிப்போக அங்கியைச் சுற்றிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கி, தலைக்குக் குளிக்க வேண்டும். அவரிடமிருந்து கொண்டுவந்த எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் மர்ஃபியைத் தொடலாம்.

போன ஞாயிறும் அப்படித்தான். வண்டிச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவன் கத்தினான். நெஞ்சு நிறைய மூச்செடுத்து, கணீரென்று.

"மார்லிஸ்! கதவைச் சாத்து!"

"சாத்தறேன்டா, சாத்தறேன்" என்றேன்.

என் கோட்டைக் காராஜ் ஆணியில் மாட்டினேன். தோளில் வெள்ளையாக இருந்தது. தட்டக் கை போயிற்று. அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.