பருப்புப் பொட்டலமும் சின்ன லென்ஸும்

என் வீட்டுக்காரர் ஆனந்த்ராஜுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போய் எதையாவது பார்த்துவிட்டு வருவார். திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருந்த மனுசன். கல்யாண வீடுகளில் அவர் ஓடுகிற ஓட்டத்துக்காகவே கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவரை ஒரு தூணோடு ஒட்டி நில் என்று சொன்னால் என்ன ஆகும்? தொண்ணூற்றேழாம் வருசம் அதுதான் நடந்தது.

அவர் தங்கை சகாயசெல்விக்கு அகரம் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை ஊர் மாதா கோயிலில்தான் திருமணப் பூசை. அங்கே புதிதாக வந்திருந்த சாமியார் கறாரானவர். பூசையில் பிளாஷ் அடிக்கக் கூடாது, பீடத்தைச் சுற்றி நடமாடக் கூடாது, பாடகர்கள் பக்கத்துத் தூணை ஒட்டி நின்று எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

என் மாமனார் சிலுவைமுத்து அப்போது சவூதியில், தம்மாமில் வெல்டராக இருந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தேதியைத் தள்ளிவைக்கச் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டூடியோவுக்குப் போன் போடுகிறவர், அந்த வாரம் விசயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஆல்பத்த எப்படி வேணும்னாலும் போடு அப்பு. எனக்கு ஒரு படம் போதும். தாலி ஏறுறப்ப எம்மக மொகம் எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கணும்."

எங்கள் வீட்டில் தூக்கம் போனது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரரிடம் இருந்த லென்ஸ் பிளாஷ் இருந்தால் ராசா. பிளாஷ் இல்லாவிட்டால் அரைக் குருடு. வெளிச்சத்தை அள்ளி உள்ளே விடுகிற லென்ஸ் வேண்டும், அதைத்தான் 'டூ பாயின்ட் எய்ட்' என்பார்கள். ஆள் நகர முடியாததால் அது ஜூமாகவும் இருக்க வேண்டும். மதுரையில் ஒரு கடையில் அப்படி இரண்டு இருந்தன. பெரியது இருபத்தெட்டு எம்.எம்.மில் தொடங்கும், அதனால் அகலமாக வாங்கும், பாட்டில் மாதிரி பருத்தது. சின்னது முப்பத்தைந்தில் தொடங்கும், கைக்குள் அடங்கும். இரண்டும் எழுபதில் முடியும். வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த இரண்டில் ஒன்றை எடுக்க மனுசன் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்குமாக அலைந்த அலைச்சலில் பஸ் கண்டக்டர்களெல்லாம் சினேகிதமாகிவிட்டார்கள். காலையில் பெரியது என்பார். மத்தியானம் சின்னது. சின்னதில் குரூப் போட்டோ எடுத்தால் ஓரத்தில் நிற்கிற பெரியப்பாமார் பாதியாக வெட்டுப்படுவார்கள், அப்புறம் ஆயுசுக்கும் பேச மாட்டார்கள் என்று கவலைப்படுவார். ரெண்டு எட்டு பின்னால் போய் எடுங்களேன் என்றேன். பின்னால் சுவர் இருந்தால் என்ன செய்வாய் என்று என்மேல் பாய்ந்தார். இல்லாத சுவருக்காக என்னிடம் சண்டை போட்ட ஒரே ஆள் அவர்தான்.

பிறகு எடைப் பிரச்சினை வந்தது. பிளாஷ் இல்லாமல் மெதுவாக எடுக்கும்போது கை லேசாக ஆடினாலும் படம் கலங்கிவிடுமாம். பெரிய லென்ஸ் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அந்தக் கனத்தைப் பூசை முழுக்கத் தாங்க முடியுமா என்று பார்க்க, ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைக் கேமராவில் கட்டித் தொங்கவிட்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிரசங்கம் முழுக்க அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடி நின்றார். எனக்கு மானம் போனது. காணிக்கை எடுக்கிற நேரத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. பொட்டலம் ஊஞ்சலாடியது. மறுநாள் சின்ன லென்ஸோடு வந்து சேர்ந்தார். அந்தப் பருப்பைத்தான் அன்றைக்குச் சாம்பார் வைத்தேன்.

கல்யாணத்தன்று தூணோடு ஒட்டி நின்றார். பொண்ணும் மாப்பிள்ளையும் நாலு எட்டு தூரத்தில்தான் இருந்தார்கள். நான் சகாயத்துக்குப் பக்கத்தில் நின்றேன். தாலி முன்னால் வந்ததும் அவள் உதடு நடுங்கியது. எங்கேயோ ஒரு ஆளைத் தேடுகிற மாதிரி கண் ஒருமுறை கூட்டத்தின் பக்கம் போய்த் திரும்பியது. அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மாமா கேட்ட முகம் அதுதான். தூண் பக்கம் கேமரா கிளிக், கிளிக் என்று சொன்னபோது என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிலிம் கழுவ மதுரைக்குப் போனது. படம் வரும் வரைக்கும் அவர் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தே தேய்ந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் லேபுக்கே போய் நின்று வாங்கி வந்தார். வந்தவர் கவரை மேசையில் போட்டுவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் போய்விட்டார்.

நான் எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை கையில் தாலி அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. அதில் பொறித்திருந்த புறாவின் கண்கூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால் சகாயத்தின் முகம் பனியில் நிற்கிற மாதிரி கலங்கிக் கிடந்தது. எல்லாப் படத்திலும் அப்படியேதான்.

எங்கள் பக்கத்தில் ஆல்பம் வந்ததும் பொம்பளைகள் முதலில் தேடுவது தாலியைத்தான். தாலி சரியாக விழாத ஆல்பம் ஸ்டூடியோவுக்கே திரும்பி வரும். அதனால் இத்தனை வருசமும் அவர் தாலியைத்தான் போகஸ் பண்ணிப் பழகியிருந்தார். பிளாஷ் அடித்து எடுத்த காலத்தில் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. அந்த வெளிச்சத்துக்கு லென்ஸைச் சுருக்கி எடுப்பதால் தாலியிலிருந்து பின்னால் நிற்கிற கூட்டம் வரை எல்லாமே தெளிவாக விழும். இந்த லென்ஸோ முழுசாகத் திறந்தால் ஒரு சாண் ஆழத்தை மட்டும்தான் தெளிவாகக் காட்டும். இவ்வளவு யோசித்து லென்ஸ் எடுத்தவருக்குக் கை மட்டும் பழைய கையாகவே இருந்துவிட்டது.

என் மாமியார் செபாஸ்தியம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு, தாலி நல்லா விழுந்துருக்கு என்று சந்தோசப்பட்டுப் போனார். அவருக்கு அது போதும். இவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. தங்கையையும் மாப்பிள்ளையையும் விருந்துக்குக் கூப்பிட்டு, கல்யாணப் புடவையைக் கட்டச் சொல்லி, தாலியைப் பிடித்தபடி மறுபடி ஒரு தடவை நிற்கும்படி கெஞ்சினார். எல்லா ஸ்டூடியோவிலும் செய்கிற வேலைதான். சகாயம் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மாப்பிள்ளை தாலியைத் தொட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி நின்றாள், மறுபடியும் சிரித்தாள். கடைசியில் விலகிக்கொண்டாள்.

"வேணாம்ண்ணே. அன்னைக்கி இருந்த மொகம் இன்னைக்கி எங்கிட்ட இல்ல. நடிச்சு அனுப்புனா அப்பா கண்டுபிடிச்சிருவாரு."

அவர் கேமராவை மூடிவிட்டார். அந்தக் கலங்கிய படங்களில் ஒன்றைப் பெரிதாகப் போட்டு, நானே தபாலில் சேர்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்களுக்கு நரகம்தான். போன் அடித்தால் எடுக்கப் பயப்படுவார். அடிக்காவிட்டால் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்து உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். படம் இன்னும் வரலை என்று மாமா சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு வாரம் தப்பித்த நிம்மதி.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா படம் வந்துவிட்டது என்றார். இவர் அவரை மேலே பேசவிடவில்லை. டூ பாயின்ட் எய்ட், தூண், சாமியார், போகஸ் என்று மூச்சு விடாமல் கொட்டினார். பெரிய லென்ஸாக இருந்தாலும் இதே தப்புத்தான் நடந்திருக்கும், லென்ஸ் மேல் குற்றமில்லை என்றார். நான் இவர் முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

மாமா எப்போதும் போனில் கத்தித்தான் பேசுவார். அன்றைக்குக் கத்தவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது.

"ஏலே, எம்மக கழுத்துல தாலி ஏறுறப்ப என் கண்ணு என்ன காஞ்சா கெடந்திருக்கும்? நான் அங்க வந்து நின்னிருந்தாலும் அவ மொகம் எனக்கு இப்படித்தான்டா தெரிஞ்சிருக்கும்."

லைன் கட்டான பிறகும் இவர் ரிசீவரை வைக்கவில்லை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஒருவர் வந்தார். செத்த நேரம் உட்காருங்கள் என்று நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.