விட்டுவைத்த கிரகம்

"அந்த மெஷினை அணைச்சுட்டு வாடா, குளிப்பாட்ட ஆள் வந்தாச்சு" என்று வாப்பாவின் தம்பி ஹபீப் சாச்சா கதவருகே நின்று பல்லைக் கடித்தார்.

வாப்பாவின் அடையாள அட்டையை எடுக்கத்தான் ஸுஹைர் அந்த அறைக்குள் வந்திருந்தான். அட்டை இழுப்பறையில் மேலாகவே கிடைத்துவிட்டது. ஆனாலும் அவன் கம்ப்யூட்டர் திரையை விட்டு நகரவில்லை. நேற்று மாலை வாப்பா தாஹர் இதே நாற்காலியில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்தபோது திரையில் என்ன இருந்ததோ அதுதான் இப்போதும் இருந்தது. மஞ்சளாக ஒரு சூரியன், அதைச் சுற்றிச் சில கிரகங்கள். அழுக்குப் பனிக்கட்டிகளிலும் பாறைகளிலும் வாப்பாவின் பெயர் ஏறியிருந்தது. கடல் தளும்பிய நீலக் கிரகம் ஒன்றில் மட்டும் யார் பெயரும் இல்லை.

திருடன் வரவில்லை. ஓர் இரவு முழுக்கப் போயும் வரவில்லை.

வாப்பா செத்த வீட்டில் விளையாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே என்று சாச்சா நினைத்திருப்பார். நினைக்கட்டும். ஸுஹைர் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவன். நசுங்கிய காரைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பாவமாக இருக்கும், அவனுக்கு யார் நசுக்கியது என்று இருக்கும். சந்தேகம் அந்த வீட்டில் பரம்பரைச் சொத்து. வாப்பா துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகர பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பஸ்ஸில் ஏறினதும் ஒரு சுற்று முகங்களைப் பார்ப்பாராம், நேராக டிக்கெட் எடுக்காதவன் முன்னால் போய் நிற்பாராம். ஊரே சொல்லும்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை அவர் கிரகங்களின் மேல் திருப்பினார். விண்வெளியில் கப்பல் ஓட்டும் விளையாட்டு அது. யாரும் போகாத நட்சத்திரத்துக்குப் போக வேண்டும், சுற்றியிருக்கும் கிரகங்களில் எதை ஸ்கேன் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும், எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். முதலில் ஸ்கேன் செய்தவர் பெயர் அதில் நிலைத்துவிடும், பிறகு எந்த நாட்டிலிருந்து எவன் வந்தாலும் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போயாக வேண்டும். வாப்பாவுக்குக் கண்ணில் புரை. அதனால் ஸுஹைர் வேலை முடிந்து வந்ததும் கப்பலை ஓட்டுவான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எதை எடுப்பது என்று சொல்வார்.

அங்கேதான் வந்தது வினை. பனிக்கட்டியை எடு என்பார், கருகின பாறையை எடு என்பார். கடலும் மேகமுமாக, எந்தக் கப்பலோட்டியும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும் கிரகம் ஒன்று எதிரே சுழன்றுகொண்டிருக்கும். அதைக் காட்டினால், "அது இருக்கட்டும்" என்பார். ஏன் வாப்பா என்றால், எல்லாத்தையும் நாமளே வாரிக்கணுமா என்பார். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த நல்ல கிரகத்தில் ஒரு பெயர் உட்கார்ந்திருக்கும். எப்போதும் ஒரே பெயர்தான். பிரெஞ்சில், 'டிக்கெட் இல்லை'.

யாரோ தெரிந்தவன்தான் பின்னாலேயே வருகிறான் என்று ஸுஹைர் அன்றைக்கே முடிவு கட்டினான். பரிசோதகரைச் சீண்டுவதற்கென்றே வைத்துக்கொண்ட பெயர் அது. வாப்பாவுக்கோ கோபமே வரவில்லை. காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே, "வந்தானா உன் திருடன்?" என்று கேட்பார். வந்தான் என்றால் இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கி ஆலிவ் எண்ணெயில் தோய்த்துத் தின்பார். இந்த மனுஷன் திருடனுக்கு உடந்தையோ என்றுகூட ஸுஹைருக்குத் தோன்றியிருக்கிறது. கூடவே உட்கார்ந்து கண் எரிய ஓட்டுகிறவன் நான், நல்லதெல்லாம் எவனுக்கோ விட்டுவைக்கிறாரே என்று மனசு புழுங்கும். அதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

இப்போது அந்தத் திருடன் வரவில்லை. வாப்பா போன அதே ராத்திரி வரவில்லை. அப்படியென்றால் அவனுக்குச் சேதி போயிருக்கிறது. இந்த வீட்டிலிருந்து சேதி போகிற தூரத்தில்தான் இருக்கிறான்.

ஸுஹைர் திரையை மட்டும் அணைத்துவிட்டு அட்டையோடு வெளியே வந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜனாஸாவைத் தூக்கினார்கள். தோள் மாறித் தோள் மாறி வாப்பா கபர்ஸ்தானுக்குப் போனார். பழைய டிரைவர்கள், கண்டக்டர்கள், அவரிடம் மாட்டி அபராதம் கட்டியவர்கள்கூட வந்திருந்தார்கள். மண் போடும்போதும் ஸுஹைர் சுற்றி நின்ற முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யார் கண் கலங்கவில்லை, யார் அளவுக்கு மீறிக் கலங்குகிறார்கள் என்று கணக்குப் பார்த்தான். தன் வாப்பாவைப் புதைக்கிறோம் என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

அளவுக்கு மீறிக் கலங்கியவன் மஹ்தி. தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். வாடகை நாற்காலிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டது அவன், பக்கத்து வீடுகளிலிருந்து வந்த குஸ்குஸ் சட்டிகளை இறக்கியது அவன், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றியதும் அவன்தான். ஸுஹைரைக் கட்டிக்கொண்டு, "பரக்கத் உன்கிட்ட இருக்கட்டும்" என்று துக்கம் விசாரித்துத் தேம்பினான். வாப்பாவின் மெஷினைத் திறந்து மூடத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். கப்பல் எங்கே நிற்கிறது என்று வேறு யாருக்குத் தெரியும்?

ஸுஹைர் அவனைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"நேத்து ராத்திரி மட்டும் ஏன் வரலை?"

"எங்கே? இங்கேதானே இருந்தேன். உங்க சாச்சாவோட இறப்புச் சீட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு..."

"நடிக்காதே மஹ்தி. நீலக் கிரகத்தை ஏன் எடுக்கலை? மெஷின்ல என்னத்தைச் சொருகி வச்சிருக்கே? எங்க பின்னாலேயே வந்து நல்லதையெல்லாம் அள்ளிட்டுப் போனது நீதானே?"

மஹ்தி கையிலிருந்த காப்பித் தட்டைத் தொட்டியின் விளிம்பில் வைத்தான். அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"உங்க வாப்பாவைக் கொண்டுபோய் வச்ச மண்ணு இன்னும் கையில ஒட்டிட்டிருக்கு. இதைக் கேக்குற நேரமா?" என்றான். "அந்த விளையாட்டை உங்க மெஷின்ல ஏத்துனது நானா? உங்க வீட்டுல யாருன்னு யோசி. நான் தூசி தட்டிக் கொடுத்தவன்."

தட்டை எடுத்துக்கொண்டு போய், ஒன்றும் நடக்காதது மாதிரி கிழவர்களுக்குக் காப்பி ஊற்றினான். ஸுஹைர் இருந்த பக்கம் மட்டும் வரவில்லை.

அந்த விளையாட்டை ஏற்றியது இன்ஸாஃப். ஸுஹைரின் அக்கா. யோசிக்கவே வேண்டாம், அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அவள் பெயரைத் தொட்டு யோசிக்கும் பழக்கம் போய் நெடுநாளாகியிருந்தது. டிப்போ மேலாளர் மகனுக்கு நிச்சயம் பண்ணி, அழைப்பெல்லாம் கொடுத்த பிறகு, எனக்கு இது வேண்டாம் என்று பிரான்ஸில் லியோனுக்கு வேலைக்குப் போய்விட்டவள். மேலாளர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போன வாப்பா அத்தனை பேர் முன்னால், "அல்லாஹ் மேல ஆணையா, இனி அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். உம்மா அழுதாள். பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டுட்டு ஆணையை முறிச்சுக்கோ, மார்க்கத்துல இடம் இருக்கு என்று ஹபீப் சாச்சா எத்தனையோ தடவை சொன்னார். வாப்பா மசியவில்லை. "கிழிச்ச டிக்கெட்டை ஒட்டிக் கொடுக்குறது என் வேலை இல்லை" என்றார். உம்மா மட்டும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவாள். போன் மணி அடித்ததும் வாப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். ஸுஹைர் பெருநாளுக்கு ஒரு வாழ்த்து அனுப்புவான், அவ்வளவுதான். அவள் போனாள், இவன் இருந்தான். புரைக் கண்ணுக்கு மருந்து விட்டது இவன். அந்தக் கடுப்பு உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை மாலை உம்மா முதலில் போன் செய்தது யாருக்கு? அவளுக்குத்தான். திருடன் வராமல் போனதும் அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை காலையில் பெண்கள் கபருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இன்ஸாஃப் வந்து இறங்கினாள். துனிஸ் விமான நிலையத்திலிருந்து ஷேர் டாக்ஸியில் நெருக்கியடித்து வந்திருந்தாள். கோட்டெல்லாம் கசங்கி, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. உம்மா அவளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஸுஹைர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். அழுது ஓயட்டும் என்று காத்திருந்தான். அப்புறம் வாப்பாவின் அறையைத் திறந்துவிட்டு நின்றான்.

அவள் உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், அதன் முதுகில் தொங்கிய கம்பளிச் சட்டையைத் தொட்டாள். ஸுஹைர் திரையை உயிர்ப்பித்தான். நீலக் கிரகம் அதன்பாட்டுக்குச் சுழன்றது.

"'டிக்கெட் இல்லை' நீதானே?"

அவள் மறுக்கவில்லை. "சின்ன வயசுல அவரு பஸ்ல டிக்கெட் எடுக்காம ஏறுவேன். எல்லார் முன்னாலயும் இறங்குன்னு திட்டுவாரு. அந்தப் பேரைப் பாத்தா தெரிஞ்சுடும்னு நினைச்சேன்."

"எதுக்கு இப்படிப் பின்னாலேயே வந்தே?"

"கோபம் வரணும்னுதான். கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவ நான், அவரு கப்பல் எங்கே நிக்குதுன்னு அங்கிருந்தே தெரியும். நல்லதையெல்லாம் பறிச்சிட்டிருந்தா ஒருநாள் பொறுக்க முடியாம ஒரு திட்டாவது எழுதிப் போடுவாருன்னு பாத்தேன். ஆணை உடைஞ்சுபோகும்ல." மூக்கை உறிஞ்சினாள். "அவருக்குத்தான் ஒண்ணும் தெரியலையே. எதை எடுக்கணும்னே தெரியாம குப்பையெல்லாம் எடுத்து வச்சிருந்தாரு. கண்ணு அவ்வளவு மோசமாடா?"

அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் திருடிக்கொண்டிருக்கிறோம் என்றே நினைத்திருக்கிறாள். இப்போது அவன் வாயை மூடிக்கொண்டால் கடைசிவரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள். வாப்பாவோடு ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்திருந்தது அவன் மட்டும்தான் என்று ஆகிவிடும். அந்த ஒன்று அவனுக்கே அவனுக்கென்று இருக்கும். இருக்கட்டுமே என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையைப் பார்த்து அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது.

"போன குளிர்காலத்துல கொஞ்ச நாள் நீ வரலை" என்றான்.

"காய்ச்சல்ல கிடந்தேன். உம்மாகிட்டகூட சொல்லலை. உனக்கு எப்படித் தெரியும்?"

"வாப்பா கப்பலை நகர்த்த விடலை."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தினம் அடுத்த நட்சத்திரத்துக்குப் போலாம்னு கேப்பேன். அவசரம் என்னன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் உக்காந்திருப்பாரு. சரியாச் சாப்பிடலை. ஒருநாள் காலையில அந்தப் பேரு வந்துடுச்சு. உம்மாவைக் கூப்பிட்டு, நல்ல மீனா வாங்கி குஸ்குஸ் பண்ணச் சொன்னாரு. எனக்குத்தான் எதுக்குன்னு புரியலை." திரையிலிருந்த நீலக் கிரகத்தைக் காட்டினான். "கண்ணு மோசம் இல்லக்கா. பாத்துட்டுத்தான் விட்டாரு. ஒவ்வொண்ணையும்."

இன்ஸாஃப் அந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தான், அவள் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே உம்மா, நேரமாகுது, வெயில் ஏறுறதுக்குள்ள கபருக்குப் போகணும் என்று கூப்பிட்டாள். அடுக்கி வைத்த நாற்காலிகளை யாரோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

"இதை நீ எடுடா. நீதானே கூட இருந்தே" என்றாள்.

"அது இருக்கட்டும்" என்றான் ஸுஹைர்.

சொன்ன பிறகுதான் யாருடைய பேச்சு அது என்று அவனுக்கு உறைத்தது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. மவுஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தான். முற்றத்தில் மஹ்தி முதுகைக் காட்டிக்கொண்டு வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஸுஹைர் போய் மறுபக்கத்தைப் பிடித்தான்.